கோரமும் நரையும்

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டிய தேவை அடிக்கடி ஏற்படுகிறது. அண்மையில் நம் அன்பர் ஒருவர், சாலை விபத்தில் தம்பியைப் பறிகொடுத்த வேற்றுமொழி நண்பருக்குத் தாம் எழுதிய அனுதாபக் கடிதத்தை நம்மிடம் காட்டினார். அதில் தம்பியின் மரணத்திற்கு அடைமொழியாகக் 'கிரிஸ்லி' என்ற சொல்லை இட்டிருந்தார். அகராதியில் 'பயங்கரமான' என்று பொருள் கண்டதாகக் கூறினார். அன்பில் குறையில்லை, ஆயினும் அச்சொல்லை நீக்கிவிடுமாறு வேண்டிக்கொண்டோம். காரணத்தை நம் வாசகர்களும் அறிதல் நலம்.

கிரிஸ்லி என்பது பழைய ஆங்கிலச் சொல். அஞ்சி நடுங்குதலைக் குறிக்கும் வினையோடு உறவுடையது. எனினும் அச்சந்தரும் அனைத்தையும் அது குறிப்பதில்லை. இடி முழக்கமும் அச்சந்தரும். பரீட்சை முடிவும் அச்சந்தரும். அவற்றைக் கிரிஸ்லி என்பாரில்லை. குருதியையும் சிதைந்த உடலையும் கண்டு அச்சமும் அருவருப்பும் ஒருங்கே எழும்போதே அச்சொல் பொருந்தும். தமிழில் 'கோரமான' என்பது இதற்கு நெருங்கி வரும். கொலைச் செய்திகளில் பத்திரிகைகள் இதனைப் பெரிதும் ஆள்கின்றன.

இதே ஒலியுடைய மற்றொரு சொல்லும் உண்டு. முன்னதில் ஓர் 'எஸ்' வரும் இடத்தில் இதற்கு இரண்டு 'இஸட்' எழுத்துகள் வரும். சாம்பல் நிறத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்த இது, நரைத்தது எனப் பொருள்படும். வட அமெரிக்கக் கரடி ஒன்று இப்பெயர் பெற்றது, அதன் மயிர் நுனி நரைத்துத் தோன்றுவதால்தான். ஆயினும் 1815-இல் ஜார்ஜ் ஆர்டு என்னும் அமெரிக்க அறிஞர் அதற்கு 'ஹாரிபிலிஸ்' என்ற லத்தீன் பெயரைச் சூட்டினார். அதன் பொருள் 'அஞ்சத்தக்கது'. ஒலி ஒற்றுமையால் நேர்ந்த மயக்கம் என்பர். அப்பெயர் இன்றளவும் நிலைத்துவிட்டது. நம் பிள்ளைகள் இவ்விரு சொற்களையும் எழுத்துக்கூட்டிப் பழகுவது நன்று.

மீண்டும் கடிதத்திற்கு வருவோம். கோரம் என்பது, கண்டவர் கண்ணில் பட்ட காட்சி. இழந்தவர் நெஞ்சில் இருப்பதோ துயரம். தம்பியின் முகத்தை நினைவில் வைத்திருக்க விரும்புகிறவருக்கு விபத்துக் காட்சியை நினைவூட்டுதல் ஆறுதலாகுமா? தமிழில் எழுதினால் 'கோரச் சாவு' என்று நாம் எழுதுவோமா? 'அகால மரணம்' என்றன்றோ எழுதுவோம்! அன்பர் அச்சொல்லை அடித்துவிட்டு, துயரத்தைக் குறிக்கும் 'டிராஜிக்' என்ற சொல்லை இட்டார்.

அகராதி பொருளைத் தரும். இடம் அறிந்து சொல்லும் பொறுப்பு நம்முடையது.