கழித்தல் கணக்கு

தோக்கியோவில் யாசுகுனி ஆலய வளாகத்துக்குள் இருக்கிறது யூஷூகான் போர் அருங்காட்சியகம். 1882இல் திறக்கப்பட்டது. அதன் முன்கூடத்தைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. அங்கே ஒரு போர் விமானமும் ஒரு நீராவி ரயில் எஞ்சினும் நிற்கின்றன.

விமானம், மிட்சுபிஷியின் ஜீரோ. வடிவமைத்தவர் ஹொரிகோஷி ஜிரோ. வேகம் வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும், நெடுந்தூரம் பறக்க வேண்டும் என்றது கடற்படை. தொடக்கத்தில் கிடைத்த எஞ்சினோ ஆயிரம் குதிரைத்திறனைக்கூடத் தொடவில்லை. வேறு வழியின்றி எடையில் கை வைத்தார். இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டத்துக்கு, சுமித்தோமோ நிறுவனம் 1936இல் உருவாக்கிய புது அலுமினியக் கலவை கைகொடுத்தது. அலுமினியத்தில் துத்தநாகம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பக்குவமாகச் சூடாக்கினால், உள்ளே நுண்துகள்கள் உருவாகி அணு அடுக்குகளை வழுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் மெல்லிய சட்டமே பெரிய சுமையைத் தாங்கும். உட்சட்டங்களில் வட்டத் துளைகள் போட்டும் எடையைக் குறைத்தார்கள். விமானியைக் காக்கும் கவசத் தகடும், குண்டு துளைத்தால் தானாக அடைபடும் எரிபொருள் தொட்டியும் ஆரம்பகால ஜீரோக்களில் இல்லை. தொட்டியில் குண்டு பட்டால் விமானம் பற்றி எரியும்.

உள்ளே பெரிய கூடத்தில் கைட்டன் என்ற தற்கொலை டார்பிடோ கிடக்கிறது. அதன் மூலம், 93ஆம் வகை டார்பிடோ. சாதாரண டார்பிடோ, அழுத்திய காற்றைக் கொண்டு எரிபொருளை எரித்து ஓடும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அது எரியவும் உதவாது, நீரிலும் அதிகம் கரையாது. குமிழிகளாக மேலெழுந்து, டார்பிடோ வரும் தடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். ஜப்பானியர் நைட்ரஜனைக் கழித்துவிட்டுத் தூய ஆக்சிஜனை அடைத்தார்கள். இப்போது வெளிவருவது நீராவியும் கார்பன் டை ஆக்சைடும்தான். முன்னது குளிர்ந்து நீராகிவிடும், பின்னது பெரும்பாலும் கடலில் கரைந்துவிடும். தூய ஆக்சிஜன் பற்றவைக்கும்போதே வெடித்துவிடும் என்பதால், முதலில் காற்றில் ஓட்டி, படிப்படியாக ஆக்சிஜனைக் கூட்டினார்கள். மணிக்கு சுமார் 90 கி.மீ. வேகத்தில் 20 கி.மீ. போகும் ஆயுதம் கிடைத்தது. போர் கைமீறிய 1944இல் அதே பொறியைச் சுற்றி 14 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள கலம் கட்டி, 1,550 கிலோ வெடிமருந்து வைத்து, ஓட்டுவதற்கு ஓர் இளைஞனையும் உட்காரவைத்தார்கள். இலக்கில் மோதுவதே அவன் வேலை.

முன்கூடத்து ரயில் எஞ்சின், சி56 வகையின் 31ஆம் எண். ஜப்பானின் தண்டவாள அகலம் 1,067 மி.மீ.; சயாமிலும் பர்மாவிலும் 1,000. சக்கரங்களுக்கு இடையே 67 மி.மீ. குறைத்து இவ்வகையில் 90 எஞ்சின்களைக் கப்பலேற்றினார்கள். 1943 அக்டோபரில் 415 கி.மீ. சயாம்-பர்மா பாதை திறக்கப்பட்டபோது ஓடியது இந்த எஞ்சின். 1979இல் ஜப்பான் திரும்பியது.

அந்தப் பாதையைப் போட்டதில் 12,000க்கும் மேற்பட்ட போர்க் கைதிகளும், மதிப்பீடுகளின்படி சுமார் 90,000 ஆசியத் தொழிலாளர்களும் இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஏராளம். பாதை கட்டிய பெருமையைச் சொல்லிவிட்டு இந்தச் சாவுகளை விட்டுவிடுகிறது என்பது இந்த அருங்காட்சியகத்தின் மீது நெடுநாளாக உள்ள குற்றச்சாட்டு. பொறியாளர்கள் எடையையும் நைட்ரஜனையும் மில்லிமீட்டரையும் கழித்தார்கள். காட்சிக்கு வைத்தவர்கள் மனிதர்களைக் கழித்தார்கள். அந்த மனிதர்களின் கதையைத் தெரிந்துகொண்டு போகிறவருக்குத்தான் இந்தக் கூடம் முழுதாகப் புரியும்.