அந்துருண்டைக்குள் நுழைந்து பார்த்த வத்திராயிருப்புக்காரர்!

வ. புதுப்பட்டியில் இருக்கிற "வ", பக்கத்து ஊரான வத்திராயிருப்பைக் குறிக்கும். அந்த ஊரில் 1898-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி பிறந்தவர்தான் விஞ்ஞானி கே.எஸ்.கிருஷ்ணன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு. பிறகு மதுரை, சென்னை, கல்கத்தா.

கல்கத்தாவில் சி.வி.ராமனுக்கு வலது கையாக இருந்தார். 1928-ல் "ராமன் விளைவு" கண்டுபிடிக்கப்பட்டபோது கூடவே நின்றவர். 1930-ல் நோபல் பரிசு வந்தது, ராமனுக்கு மட்டும்! அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கிருஷ்ணனோ 1928 கடைசியிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே அவர் கையில் எடுத்தது காந்தம்.

ராட்சத காந்தம்

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கபிட்சா என்ற ரஷிய விஞ்ஞானி 3 லட்சத்து 20 ஆயிரம் காஸ் காந்த சக்தியை உண்டாக்கிக் காட்டினார். பூமியின் காந்த சக்தி நம் பக்கத்தில் அரை காஸ்கூட இல்லை! ஆனால் கபிட்சாவின் காந்தம் நின்றது, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்தான்.

கிருஷ்ணன் போனது வேறு ரூட்.

சின்னப் படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, மின்காந்தத்தின் நடுவே தொங்கவிட்டார். காந்தம் பிடித்த திசையில் அது நிற்கும். மேலே இழையை முறுக்கிக்கொண்டே போனால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். 45 டிகிரியைத் தாண்டியதும் சட்டென்று புரண்டுவிடும்! எத்தனை முறுக்கு என்று எண்ணினால் போதும், கணக்கு வந்துவிடும்.

அப்பள அடுக்கு

இதெல்லாம் எதற்கு?

துணிப் பெட்டியில் போடுகிற அந்துருண்டை இருக்கிறதே, அது நாப்தலீன். அதன் மூலக்கூறு அப்பளம் மாதிரி தட்டையானது. முகத்துக்கு நேராகக் காந்தம் பாய்ந்தால் அதிகமாக எதிர்க்கும். விளிம்புப் பக்கம் பாய்ந்தால் எதிர்ப்பு குறைவு. இந்த வித்தியாசத்தை அளந்தால், படிகத்துக்குள் அப்பளங்கள் எந்தச் சாய்வில் அடுக்கியிருக்கின்றன என்று உடைக்காமலே சொல்லிவிடலாம்.

1933-ல் கல்கத்தா திரும்பிய பிறகும் இதே வேலைதான். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டர் ஆனார். 1961-ல் காலமானார்.

இன்று அமெரிக்காவில், புளோரிடா மாநிலம் டலஹாசியில் 35 டன் எடையுள்ள காந்தம் இருக்கிறது. சக்தி 45 டெஸ்லா, அதாவது 4½ லட்சம் காஸ். ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷினுக்கு 1½ அல்லது 3 டெஸ்லாதான். கபிட்சாவுடையது போல மின்னி மறையாது, நின்று வேலை செய்யும்.

இப்படிப்பட்ட ராட்சத காந்தங்களுக்குள்ளும் படிகத்தை வைத்து, காந்தம் அதை எவ்வளவு முறுக்குகிறது என்று அளக்கிறார்கள். குவார்ட்ஸ் இழைக்குப் பதில் மெல்லிய தகடு. மற்றபடி டாக்காவில் போட்ட அதே முறுக்குக் கணக்குதான்.