விடைத்த காதும் குழந்தையின் விருப்பமும்

முடி இறக்கிக் காது குத்தும் நாளில்தான் பல வீடுகளில் அது முதன்முதலாகக் கண்ணில் படுகிறது. மொட்டைத் தலையில் இரண்டு காதுகளும் வெளியே விடைத்து நிற்கும். "தாத்தாவுக்கும் இப்படித்தான்" என்று யாராவது சொல்வார்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். பள்ளிக்குப் போன பிறகு அதே காதுக்கு யானைக்காது, முறக்காது என்று பெயர்கள் வருகின்றன. ஒட்ட வெட்டிய தலையோடு பையன்களும் ரெட்டைச் சடையோடு பெண்களும் போகும் நம் பள்ளிகளில் காதை மறைக்க வழியும் இல்லை. அறுவைச் சிகிச்சையால் இதைச் சரிசெய்ய முடியும் என்பதில் மருத்துவர்களுக்குச் சந்தேகம் கிடையாது. எப்போது செய்வது, யார் முடிவெடுப்பது என்பதில்தான் குழப்பம். குழந்தை தானே விரும்பிக் கேட்டால் தயங்க வேண்டியதில்லை, அது கேட்காதவரை பெற்றோர் நாள் குறிக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு.

காது ஏன் விடைக்கிறது

வெளிக்காது தோல் போர்த்திய குருத்தெலும்பு. அதன் மேல்பாதியில், விளிம்புக்கு உட்புறமாக ஒரு மடிப்பு ஓடுகிறது. கருவில் அந்த மடிப்பு சரியாக விழாமல் போனால் காதின் மேற்பகுதி விரிந்து முன்னோக்கி நிற்கும். சிலருக்கு மடிப்பு நன்றாகவே இருக்கும், ஆனால் காதுத் துளையைச் சுற்றியுள்ள கிண்ணம் போன்ற பகுதி ஆழமாக வளர்ந்து முழுக் காதையும் வெளியே தள்ளும். இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. காதின் விளிம்பு தலையிலிருந்து 2 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நின்றால் பொதுவாக அதை விடைத்த காது என்கிறார்கள். பெரும்பாலும் இது குடும்பத்தில் வழிவழியாக வருவது. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்ததாலோ தொப்பி சரியாகக் கட்டாததாலோ வந்ததல்ல. எனவே தாயைக் குறைசொல்லும் பேச்சுக்கு அடிப்படையே இல்லை. இதனால் கேட்கும் திறனும் குறையாது. ஆனால் பேச்சும் புரிதலும் வயதுக்கேற்ப வராத குழந்தைக்குப் பெரிய, விடைத்த காதுகளும் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாகச் சில மரபணுக் கோளாறுகளின் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

அவசரம் பிறந்த சில வாரங்களில் மட்டும்

பிறந்த சில வாரங்கள் வரை தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குழந்தையின் உடலில் மிச்சமிருப்பதால் காதின் குருத்தெலும்பு மிக மென்மையாக இருக்கும். அந்த நாட்களில் மென்மையான அச்சு ஒன்றைப் பொருத்திச் சில வாரங்கள் விட்டுவைத்தால், கத்தியே இல்லாமல் காது வடிவத்துக்கு வந்துவிடும். 1980களில் ஜப்பானிய மருத்துவர்கள் இதை விரிவாக எழுதினார்கள். இன்று இதற்கென்றே தயாரித்த அச்சுகள் கிடைக்கின்றன. முதல் மூன்று வாரங்களுக்குள் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். ஆறு வாரம் தாண்டினால் குறைந்துகொண்டே போகும். குழந்தைக்கு வலியில்லை, மயக்க மருந்தில்லை, தழும்பில்லை. இவ்வளவு எளிய சிகிச்சை கைநழுவிப்போவது, "வளர வளரச் சரியாகிவிடும்" என்ற ஆறுதலால்தான். விடைத்த காது வளர்ச்சியில் தானாகப் படிவதில்லை. பிரசவ வார்டிலேயே குழந்தையின் காதைப் பார்த்துப் பெற்றோரிடம் சொல்வது வழக்கமாக வேண்டும். பிறந்தபோது இல்லாத விடைப்பு சில மாதங்கள் கழித்துத் தெரியத் தொடங்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு இந்த வழி கிடையாது. நான்கு வயதுப் பிள்ளையின் காதில் பிளாஸ்திரி ஒட்டுவதாலோ இரவில் துணி கட்டுவதாலோ எதுவும் மாறப்போவதில்லை.

ஐந்து வயது என்ற கணக்கு

ஐந்தாறு வயதுக்குள் காது பெரியவர்களின் அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடும். அதனால் அதற்குப் பிறகு அறுவைச் சிகிச்சை செய்தால் காதின் வளர்ச்சி பாதிக்கப்படாது. காதுக்குப் பின்புறம் தோலைத் திறந்து, மடிப்பு இல்லாத இடத்தில் குருத்தெலும்பை மடித்துத் தையல் போடுவது 1963இல் சர்ஜன் முஸ்டார்டே விவரித்த முறை. கிண்ணப் பகுதியைத் தலையெலும்பின் மேலுறையோடு சேர்த்துத் தைப்பது 1968இல் சர்ஜன் ஃபர்னாஸ் விவரித்தது. இன்றும் பெரும்பாலான சர்ஜன்கள் இவ்விரண்டையும் தேவைக்கேற்பச் சேர்த்தே செய்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும்; பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் காதை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும்.

ஐந்து வயதில் செய்யலாம் என்பதை ஐந்து வயதில் செய்தாக வேண்டும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். "பள்ளியில் சேர்க்கும் முன்பே முடித்துவிட்டால் கேலியே இருக்காதே" என்பது அவர்கள் வாதம். கனிவான வாதம்தான். ஆனால் விடைத்த காதோடு வளரும் எல்லாக் குழந்தைகளும் வருந்துவதில்லை. பலர் அதைப் பொருட்படுத்துவதே கிடையாது. யார் வருந்துவார் என்பதை ஐந்து வயதில் ஊகிக்க வழியில்லை. தனக்கு இல்லாத ஒரு குறைக்காக மயக்க மருந்தையும் வலியையும் கட்டையும் சுமக்கும் குழந்தை, தன் உடலில் ஏதோ பிழை இருந்திருக்கிறது என்ற எண்ணத்தையும் சேர்த்தே சுமக்கும். மாறாக, ஏன் இந்தச் சிகிச்சை என்று புரியும் வயது வந்த பிள்ளை தலைக்கட்டைப் பிய்ப்பதில்லை, பிறகு இரவில் அணியும் பட்டையைக் கழற்றுவதில்லை. காத்திருப்பதால் குருத்தெலும்பு கொஞ்சம் விறைக்கும், அவ்வளவே.

கேலிக்குக் கத்தி மருந்தா?

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கேள்வி இன்னும் கடுமையானது. கேலி செய்பவர்களைத் திருத்தாமல், கேலிக்கு ஆளான குழந்தையை அறுப்பது என்ன நியாயம்? சுவிட்சர்லாந்தில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வு இக்கேள்விக்கு வலுச்சேர்க்கிறது. குழந்தைகளின் படங்களை விடைத்த காதோடும், கணினியில் திருத்திய காதோடும் காட்டியபோது, பார்ப்பவர்களின் கண் விடைத்த காதில் கூடுதல் நேரம் நின்றது. ஆனால் அந்தக் குழந்தையின் குணத்தை அவர்கள் மட்டமாக மதிப்பிடவில்லை. ஆக, வெறுப்பு காதிலிருந்து பிறப்பதில்லை. அது வகுப்பறையில் பழக்கப்படுவது. பட்டப்பெயரைக் கேட்டும் கேளாதது போலிருக்கும் ஆசிரியரும், செல்லமென்று நினைத்து அதே பெயரில் கூப்பிடும் மாமாவும் அதற்கு உடந்தை. முதலில் அவர்களை நிறுத்த வேண்டும்.

அதற்காகச் சிகிச்சையைக் கேட்கும் பிள்ளையிடம் "அழகு மனதில் இருக்கிறது" என்று சொல்லி அனுப்புவதும் கொடுமை. சமூகம் திருந்தும்வரை பத்து வயதுப் பிள்ளை காத்திருக்க முடியாது. 1992இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு, சிகிச்சை பெற்ற குழந்தைகளை ஓராண்டு கழித்துப் பார்த்தது. பெரும்பாலோரின் மனநிலையும் தன்னம்பிக்கையும் மேம்பட்டிருந்தன. ஏற்கெனவே மிகவும் தனிமைப்பட்டு, ஆழ்ந்த மனவேதனையில் இருந்தவர்களுக்கு அந்தப் பலன் முழுதாகக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு மனநல உதவியும் தேவைப்பட்டது. காதால் வந்த துயரத்தைக் காதுச் சிகிச்சை தீர்க்கும். நண்பர்களே இல்லாத, படிப்பில் பின்தங்கிய, வீட்டுச் சண்டையில் ஒடுங்கிய குழந்தையின் துயரம் முழுவதையும் காதின் மேல் ஏற்றிவிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

இந்தச் சிகிச்சையின் செலவை ஏற்பதில் அரசுகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை இதை அழகுச் சிகிச்சையாகக் கருதி அரிதாகவே செலவை ஏற்கிறது. ஆஸ்திரேலியாவின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேர் 18 வயதுக்குட்பட்டோருக்கு உதவுகிறது. நம் நாட்டின் மருத்துவக் காப்பீடுகள் அழகுக்கான சிகிச்சையை வழக்கமாக விலக்கியே வைத்திருக்கின்றன.

தழும்பும் மற்ற ஆபத்துகளும்

இது சின்ன அறுவைதான், ஆனால் ஆபத்தே இல்லாததல்ல. முதல் சில நாட்களில் தோலுக்கடியில் ரத்தம் கட்டலாம். தலைக்கட்டுக்குள் ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் காதின் வடிவமே கெடலாம். சிலருக்குக் காது மறுபடி ஓரளவு விடைக்கும், இரண்டும் ஒன்றுபோல் அமையாது, தையல் நூல் தோலுக்கு வெளியே துருத்தும். மறு அறுவை தேவைப்படுவோரும் இருக்கிறார்கள். நம்மவர் கட்டாயம் கேட்க வேண்டியது கெலாய்டு என்னும் மேடிட்டு வளரும் தழும்பைப் பற்றி. கறுத்த தோலில் இது கூடுதலாக வருகிறது. காது குத்திய இடத்தில் உருண்டையாகத் தசை வளர்ந்தவர் குடும்பத்தில் இருந்தால் அதைச் சர்ஜனிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். கட்டு சுமார் ஒரு வாரம் இருக்கும். பிறகு சில வாரங்கள் இரவில் காதை அழுத்தும் பட்டை அணிய வேண்டும், முரட்டு விளையாட்டு கூடாது. எனவே கோடை விடுமுறையே தோதான காலம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது

பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கும்போது குழந்தையைப் பேசவிடுங்கள். "உனக்கு எது பிடிக்கவில்லை?" என்ற கேள்விக்கு அது தானாகக் காதைத் தொட்டுக் காட்டுகிறதா, அம்மாவின் முகத்தைப் பார்க்கிறதா என்பதை நல்ல சர்ஜன் கவனிப்பார். வலிக்கும், ஒரு வாரம் கட்டு இருக்கும், தழும்பு காதுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்பதையெல்லாம் மறைக்காமல் சொன்ன பிறகும் அது சரியென்றால், செலவையும் விடுப்பையும் பற்றி யோசியுங்கள். கல்யாணத்தில் தடையாகுமே என்பது போன்ற பெரியவர்களின் கவலைகளை அந்த அறைக்கு வெளியே விட்டுவிடுங்கள். பிள்ளை தயங்கினால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். இதே சிகிச்சையைப் பதினைந்து வயதிலும் இருபத்தைந்து வயதிலும் செய்துகொள்ளலாம்.