மழை மாதங்களில் வீட்டுப் பண்டங்களைக் காத்தல்

ஐப்பசியும் கார்த்திகையும் நெசவாளர் குடும்பங்களுக்கு இளைத்த மாதங்கள் என்பது நாம் அறிந்ததே. வானம் மூடியிருக்கையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்த இயலாது. குழித்தறியின் பள்ளத்தில் ஈரம் ஊறும், வேலை நிற்கும், கூலியும் குறையும். அந்நாட்களில் குடும்பத்தைத் தாங்குவன முன்னரே வாங்கி வைத்த அரிசி, பருப்பு, எண்ணெய் முதலியனவே. விவசாயிகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. சொர்ணவாரி நெல் வீட்டில் இருக்கிறது. ஆடிப் பட்டத்தில் விதைத்த நிலக்கடலையோ பல இடங்களில் மழைக்கு நடுவிலேயே பறிக்கப்படுகிறது. ஆகவே, எந்த மாதங்களில் இருப்பு மிகவும் வேண்டியிருக்கிறதோ, அதே மாதங்களில்தான் அது விரைந்து கெடுகிறது.

சென்ற மழைக்காலத்தில் நமது மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரு சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவரின் இல்லத் திண்ணையில் மூதாட்டி ஒருவர் முறத்தில் நிலக்கடலைப் பருப்பைப் பரப்பி, பச்சை படர்ந்தவற்றைத் தனியே ஒதுக்கிக்கொண்டிருந்தார். "இவற்றை என்ன செய்வீர்கள், அம்மா?" என்று கேட்டேன். "எறிய மனம் வரவில்லை ஐயா. வறுத்துத் துவையல் அரைத்தால் வாடை தெரியாது. மிச்சம் மாட்டுக்கு ஆகும்" என்றார். சிக்கனம் நற்குணம், அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்தச் சிக்கனம் அவருடைய பேரக் குழந்தைகளுக்கே தீங்காகும் என்பதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. அதைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈரமே முதற் பகை

தானியம் உயிருள்ள பொருள், அது சுவாசிக்கிறது. ஈரம் மிகுந்தால் அச்சுவாசம் விரைவுபட்டுச் சூடு பிறக்கிறது. அச்சூட்டில் வண்டும் பூஞ்சணமும் பெருகுகின்றன. சில மாதங்கள் வைத்திருக்க வேண்டிய நெல்லில் ஈரம் 100க்கு 14 பங்குக்கு மேற்படலாகாது. நிலக்கடலைப் பருப்பில் அது 8 பங்குக்கு உட்பட்டிருக்க வேண்டும். கொள்முதல் நிலையங்களில் நெல்லுக்கு 17 பங்கு வரை ஏற்பது வழக்கம். அது விரைவில் ஆலைக்குச் செல்லும் நெல்லுக்கான அளவேயன்றி, வீட்டில் சேமிப்பதற்கான அளவன்று.

அளவு கருவி இல்லாத வீடுகளில் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியத்தை இட்டு, உலர்ந்த உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து, மூடி நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்கவும். உப்பு புட்டியின் உட்புறம் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 பங்குக்கு மேல் உள்ளது என அறியலாம். அத்தானியத்தை மீண்டும் உலர்த்த வேண்டும். வெயிலில் உலர்த்தியதைச் சூடு ஆறிய பின்னரே மூடவேண்டும். சூட்டுடன் மூடினால் உள்ளே வியர்த்து, உலர்த்திய பயனே இல்லாமற் போகும்.

மூட்டைகளை வெறுந்தரையிலும் சுவரை ஒட்டியும் அடுக்கலாகாது. மரப்பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பது நலம். தறிக்குழியும் கஞ்சிப் பானையும் உள்ள அறையில் அரிசி வைக்க நேர்ந்தால், இறுக மூடும் தகர டப்பாவோ பீப்பாயோ இன்றியமையாதது.

வண்டு எங்கிருந்து வருகிறது?

அரிசி வண்டு தானாகத் தோன்றுவதன்று. பெண் வண்டு தானிய மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையை மூடிவிடுகிறது. நமது தட்பவெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதிய வண்டு வெளிவருகிறது. வாங்கும்போது தூய்மையாகத் தோன்றிய அரிசி அடுத்த மாதம் வண்டு கட்டுவதன் காரணம் இதுவே. எனவே பழைய இருப்பின் மேல் புதியதைக் கொட்டலாகாது. டப்பாவைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் காயவைத்த பின்னரே புதியதை நிரப்ப வேண்டும். முன்னே வந்ததை முன்னே எடுத்தல் என்னும் விதி பண்டகசாலைக்கு மட்டுமன்றி அடுப்பங்கரைக்கும் பொருந்தும்.

பயறு வண்டு வயலிலேயே காய்களில் முட்டையிடத் தொடங்குகிறது. முழுப் பயறையே அது பெரிதும் நாடும். உடைத்த பருப்பில் அதன் தொல்லை குறைவு. ஆகையால் உணவுக்கு வேண்டியதைப் பருப்பாக உடைத்து வைப்பது சிறந்தது. முழுப் பயறாகவே வைப்பதாயின் கிலோவுக்கு ஒரு சிறு கரண்டி சமையல் எண்ணெய் பூசி வைக்கலாம். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் துளையிட்ட குழாய் வடிவில் வண்டுப் பொறி ஒன்றை அமைத்துள்ளனர். அதைத் தானியத்தில் செருகி வைத்தால் வண்டுகள் துளை வழியே விழுந்து சிக்கும். நஞ்சு எதுவும் தேவையில்லை.

நஞ்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் தானிய மூட்டைக்குள் இட்டு, அதே வீட்டில் உறங்குவது உயிருக்கே ஆபத்து. ஈரக் காற்றுப் பட்டதும் அதிலிருந்து வெளிவரும் பாஸ்பீன் வாயு உறங்குவோரைக் கொல்ல வல்லது. குடியிருக்கும் வீட்டில் அதை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

பூஞ்சணம் பிடித்த கடலை

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, அவற்றுக்குத் தீவனமாக இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து நஞ்சைச் சுரந்திருந்தது தெரியவந்தது. அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். 1974இல் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் சில மாவட்டங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்ட ஏழை மக்கள் ஈரல் நோயால் இறந்தனர்.

இந்நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றிலும் அழிவதில்லை. சிறிது சிறிதாக உண்டாலும் நாளடைவில் ஈரலில் புற்றுநோயை விளைவிக்கும். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் நஞ்சின் ஒரு வடிவம் வந்து சேரும். 'மிச்சம் மாட்டுக்கு' என்பது இறுதியில் குழந்தையின் பாலுக்கே திரும்பி வருகிறது. சுருங்கியவை, நிறம் மாறியவை, பச்சையோ கருப்போ படர்ந்தவை ஆகியவற்றை மனிதருக்கும் மாட்டுக்கும் இடாமல் புதைத்துவிடுதலே முறை. மிளகாய் வற்றலுக்கும் இதே விதி பொருந்தும்.

மற்றைப் பண்டங்கள்

தீட்டிய அரிசி நெடுநாள் தாங்கும். தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய்ப் பசை உள்ளதால் சில மாதங்களில் சிக்குவாடை வீசும், அளவாக வாங்குக. மாவு வகைகளையும் மாதத் தேவைக்கு மேல் வைக்க வேண்டாம். எண்ணெயை ஒளி படாத இடத்தில் மூடி வைக்கவும். பழைய எண்ணெயுடன் புதியதைக் கலக்க வேண்டாம். அயோடின் உப்பைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறி அயோடின் குறைந்துவிடும். புளியைக் கொட்டை நீக்கி, உப்பிட்டு, மண் கலத்திலோ பீங்கான் ஜாடியிலோ வைக்கவும். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்கள் ஆகா. பழவேற்காட்டுக் கருவாடு மழை நாளில் பிசுபிசுப்பானால் மறுபடியும் காயவைத்தே வைக்க வேண்டும்.

சமைத்த சோற்றின் விஷயத்திலும் கவனம் வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் இரவு முறைக்குச் செல்வோர் பலர் பகலில் வடித்த சோற்றை எடுத்துச் செல்கின்றனர். சோற்றில் வேகவைத்தும் சாகாத கிருமி வித்துக்கள் உண்டு. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சுடவைத்தாலும் அந்நஞ்சு போகாது. புறப்படும் வேளையில் வடித்து, 4 மணி நேரத்துக்குள் உண்பது பாதுகாப்பு. புளிச்சோறு சற்று அதிகம் தாங்கும். நம் முன்னோர் வழிப்பயணத்துக்கு அதைக் கட்டிச் சென்றது காரணத்தோடுதான்.

2015 நவம்பர், டிசம்பர் மாதங்களிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நமது மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. வெள்ள நீர் பட்ட அரிசியையும் மாவையும் பருப்பையும் உலர்த்தி உண்ண எண்ண வேண்டாம். அந்நீரில் சாக்கடையும் இரசாயனக் கழிவும் கலந்திருக்கக் கூடும். மழைக்கு முன்பே பண்டங்களைப் பரண் மேல் ஏற்றிவிடுவது விவேகம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

ஒவ்வொரு சங்கமும் புரட்டாசிக்குள் தன் கிடங்கின் கூரையைப் பழுது பார்த்து, மூட்டைகளின் அடியில் பலகையிடுதல் வேண்டும். ஈரமானி ஒன்றை வாங்கி வைத்தால் அங்கத்தினர் எல்லோருக்கும் பயன்படும். ஒரு குடும்பத்தால் வாங்க இயலாத கருவியை நூறு குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதற்கன்றோ சங்கம் அமைத்தோம்! தார்ப்பாய்களையும் மூடும் பீப்பாய்களையும் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு அளிக்கலாம்.

அந்த மூதாட்டி நான் சொன்னதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு ஒதுக்கிய கடலையை வாரிக்கொண்டு கொல்லைப்புறம் சென்று குழி தோண்டினார். ஏறக்குறைய இரண்டு படி இருக்கும். அதை முன்னமே உலர்த்தி வைத்திருந்தால் அவ்விரண்டு படியும் வீட்டுக்கு ஆகியிருக்கும். இவ்வாண்டு மழை தொடங்குமுன் நமது அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு இருப்பை ஒருமுறை திறந்து பார்த்து, காயவேண்டியதைக் காயவைத்துக் காப்பார்களாக.