190 கோல்களும் ஒரு தங்கப் பதக்கமும்

கால்பந்தாட்டக்காரரின் திறனை நாம் பெரும்பாலும் அவர் போட்ட கோல்களைக் கொண்டே அளக்கிறோம். அவ்வகையில் கனடா நாட்டுக் கிறிஸ்டீன் சின்கிளேருக்கு நிகர் எவருமிலர். 2000ஆம் ஆண்டில் பதினாறு வயதிலேயே தேசிய அணியில் இடம்பெற்ற அவர், 2023இல் விடைபெறும்வரை 331 ஆட்டங்களில் 190 கோல்கள் போட்டார். சர்வதேச ஆட்டங்களில் ஆடவருள்ளும் எவரும் இத்தொகையை எட்டினாரில்லை.

ஆயினும், கோல்கள் மிகுந்தால் வெற்றி தானே வந்துவிடுமா? லண்டன் ஒலிம்பிக்கின் அரையிறுதி 2012 ஆகஸ்டு 6ஆம் நாள் மான்செஸ்டர் நகரில் நடைபெற்றது. வலிமை மிக்க அமெரிக்க அணிக்கெதிராகக் கனடாவின் மூன்று கோல்களையும் சின்கிளேர் ஒருவரே போட்டார். மும்முறை முந்தி நின்றும், கூடுதல் நேரத்தின் இறுதிக் கணங்களில் 4–3 எனக் கனடா தோற்றது. பின்னர் வெண்கலமே கிட்டியது.

ஓராண்டு தள்ளி நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டமும், வியப்பாக, 2021இல் அதே ஆகஸ்டு 6ஆம் நாளன்றே வாய்த்தது. அப்போது சின்கிளேருக்கு வயது முப்பத்தெட்டு. ஸ்வீடன் ஒரு கோல் முந்தியிருந்தது. கோல் முகப்பில் சின்கிளேர் வீழ்த்தப்பட்டார்; அதனாற் கிடைத்த பெனால்டியை இளையவரான ஜெஸ்ஸி பிளெமிங் கோலாக்கினார். ஆட்டம் முடியுமுன் சின்கிளேருக்குப் பதிலாக வேறொருவர் இறங்கினார். சமநிலை நீங்காமையால், பெனால்டி உதைகளில் 3–2 எனக் கனடா தங்கம் வென்றது. அன்று சின்கிளேரின் கணக்கில் கோல் ஒன்றும் ஏறவில்லை.