காசு கொடுத்துக் காற்று வாங்கலாமா?

மாலை வேளையில் சங்குமுகம் கடற்கரைக்குச் சென்று காற்று வாங்கி வருவது, திருவனந்தபுரத்தில் குடியேறிய நம்மவர் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். அதற்குக் கட்டணம் கிடையாது. குழந்தைகளுக்குக் கடலை வாங்கிக் கொடுக்கும் செலவு மட்டுமே. ஆனால் காசு கொடுத்துக் காற்று வாங்கும் விளையாட்டு ஒன்றும் இந்நாளில் பரவி வருகின்றது. உள்ளரங்க ஸ்கைடைவிங் என்று அதற்குப் பெயர். சிங்கப்பூரிலும் துபாயிலும் உறவினரை உடைய வீடுகளில் இப்பெயரைக் கேட்டிராதவர் குறைவு. கண்ணாடிக் கூண்டுக்குள், பிடிப்பு ஏதுமின்றி, மீன் நீரில் நிற்பதுபோல் மனிதர் அந்தரத்தில் நிற்கும் படங்களை அவர்கள் அனுப்பிவைக்கின்றனர். அவற்றைக் காணும் நம் பிள்ளைகளுக்கும் ஆசை பிறக்கின்றது.

என் தமக்கையின் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிப்பவள். சிங்கப்பூரில் உள்ள அவளுடைய பெரியப்பாவின் மகள் இவ்விளையாட்டைப் பயில்கிறாள். அது முதல், "மாமா, நானும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும், நீங்கள்தான் அம்மாவிடம் சொல்ல வேண்டும்" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். "பெண் பிள்ளை, கையோ காலோ முறிந்தால் யார் பதில் சொல்வது?" என்பது தமக்கையின் கேள்வி. "எவ்வளவு ஆகும்?" என்பது அத்தானுடைய கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகளே. இவற்றுக்கு விடை காணும் பொருட்டே இவ்விஷயத்தைச் சற்று ஆராயலானேன்.

விமானத்திலிருந்து குதிப்பவர் கீழே வர வர, அவருடைய வேகம் ஓயாது கூடிக்கொண்டே போகும் என்று பலரும் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. எதிர்த்து வரும் காற்றின் தடை அவர் உடலின் எடைக்குச் சமமானவுடன் வேகம் கூடுவது நின்றுவிடும். வயிறு கீழாகக் கைகால்களை விரித்து விழுபவருக்கு அது மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இனி இதைத் திருப்பிப் பாருங்கள். மனிதர் இருக்கும் இடத்திலேயே இருக்க, காற்று அதே வேகத்தில் கீழிருந்து மேலே வீசினால் என்ன ஆகும்? அவர் விழவும் மாட்டார், எழவும் மாட்டார், மிதப்பார். வர்க்கலைக் குன்றின் விளிம்பில் செம்பருந்துகள் சிறகை அசைக்காமல் ஒரே இடத்தில் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். கடற்காற்று குன்றில் மோதி மேலே எழுவதனால் அவற்றுக்கு அது கைகூடுகின்றது. நமக்குச் சிறகு இல்லாமையால் அதனினும் பன்மடங்கு வலிய காற்று வேண்டும்.

அந்தக் காற்றை உண்டாக்குவதுதான் செங்குத்துக் காற்றுச் சுரங்கம். நாகர்கோவில் வழியே திருநெல்வேலிக்கு ரயிலில் செல்வோர் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைப் பார்த்திருப்பர். அங்கே காற்று விசிறியைச் சுழற்றி மின்சாரம் தருகின்றது. இங்கே மின்சாரம் விசிறியைச் சுழற்றிக் காற்றைத் தருகின்றது. புதிய அமைப்புகளில் பெரிய விசிறிகள் உச்சியில் இருக்கும். அவை உந்தும் காற்று பக்கக் குழாய்கள் வழியே கீழிறங்கித் திரும்பி, குறுகிய வாயொன்றில் நெருக்குண்டு, வேகம் பெற்று, மனிதர் மிதக்கும் கூண்டுக்குள் எழும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் சீறிப் பாய்வதில்லையா, அதே தத்துவந்தான். கூண்டின் மேற்பகுதி அகன்று செல்வதால் அங்கே காற்று தளரும். ஆகவே மிதப்பவர் கட்டின்றி மேலேறிவிடுவதில்லை. கீழே எஃகுக் கம்பிகளால் பின்னிய வலை விரித்திருக்கும்.

காற்றுச் சுரங்கம் என்னும் சொல் நம் ஊருக்குப் புதிதன்று. 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது முதல் இஃது ஆகாய ஆராய்ச்சியின் ஊராயிற்று. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், ஒலியைவிடப் பன்மடங்கு வேகமுள்ள காற்றை உண்டாக்கி ராக்கெட் மாதிரிகளைச் சோதிக்கும் கூடம் 2017இல் சதீஷ் தவானின் பெயரால் அமைந்தது. ராக்கெட்டுக்குக் காற்றுக்கூடம் உள்ள நகரில் மனிதர் மிதக்க ஒன்று இல்லை என்பது வேடிக்கைதான். மனிதர் முதன்முதலாகச் செங்குத்துச் சுரங்கத்தில் மிதந்ததும் அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றிலேதான். 1964இல், ரைட்-பேட்டர்சன் தளத்தில், ஜாக் டிஃப்பனி என்பவர் மிதந்தார். பின்னர் 1982இல் லாஸ் வேகாஸ் நகரில் பொதுமக்களுக்கான கூடம் திறக்கப்பட்டது. 2015இல் பிராக் நகரில் உலகச் சாம்பியன் போட்டியே நடந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். 2024 பிப்ரவரி 27 அன்று நம் தும்பா மையத்தில்தான் ககன்யான் பயணத்துக்குரிய நால்வரின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அதன்பின், காற்றுக் கூண்டில் மிதப்பது விண்வெளி வீரர் மிதப்பதைப் போன்றதே எனச் சிறுவர் கூறக் கேட்கிறேன். இரண்டும் வேறு. விண்கலத்தில் எடையே உணரப்படுவதில்லை. கூண்டிலோ எடை அப்படியே இருக்கிறது. காற்று அதைத் தாங்குகிறது, அவ்வளவே. தாடையிலும் மார்பிலும் அந்தக் காற்று அறைவதை மிதப்பவர் ஒரு கணமும் மறக்க இயலாது.

தமக்கையின் கேள்விக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் வர்க்கலைப் பாபநாசத்தில் பாராகிளைடரில் பறந்த இருவர் உயர்ந்த விளக்குக் கம்பத்தில் சிக்கித் தவித்ததை நாம் படித்தோம். நல்லவேளையாக உயிர் பிழைத்தனர். வெளியில் காற்று நம் சொல் கேளாது. கூண்டிலே அது பொறுப்பாளர் கையிலுள்ள விசைக்குக் கட்டுப்பட்டது. புதியவர் வலையிலிருந்து சில அடி உயரத்திலேயே மிதப்பார். பயிற்றுநர் அவரைப் பற்றிக்கொண்டு உடனிருப்பார். மின்சாரம் நின்றாலும் விசிறிகள் உடனே நின்றுவிடுவதில்லை. காற்று தளர்ந்து வர, மிதப்பவர் வலைமேல் இறங்கிவிடுவார். ஆயினும் அறவே தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை. சுவரில் இடித்துக்கொள்வோர் உண்டு. முக்கியமானது தோள்பட்டை. முன்பு தோள் மூட்டு விலகியவர் இதில் இறங்கலாகாது. கர்ப்பிணிகள், கழுத்து அல்லது முதுகெலும்பு நோயுடையோர், இருதய நோயுடையோர் ஆகியோரும் விலகியே இருத்தல் வேண்டும். என் மருமகளுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. எனவே அச்சம் காரணமாக அவளைத் தடுப்பது சரியன்று என்பதே என் முடிவு. பெண் என்பதற்காகத் தடுப்பது அதனினும் சரியன்று. நம் ரயில்வேயில் பணியாற்றிய ரேச்சல் தாமஸ் அம்மையார், இரு குழந்தைகளுக்குத் தாயாக இருந்தும் 1979இல் பாராசூட்டுடன் குதிக்கத் தொடங்கி, 2002இல் வட துருவத்தின் மேல் 7,000 அடி உயரத்திலிருந்து குதித்தார்; 2005இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பயின்ற காலத்தில் இந்நாட்டில் இத்தகைய கூண்டும் இல்லை.

அத்தானுடைய கேள்விதான் கடினமானது. இந்தியாவில் பொதுமக்களுக்கான முதல் கூடம் ஐதராபாத்தின் புறத்தே கண்டிப்பேட்டையில் அமைந்துள்ளது. இங்கிருந்து சபரி எக்ஸ்பிரஸில் செகந்திராபாத் செல்வது ஒரு நாளைக்கு மேற்பட்ட பயணம். (எம்மைப் போன்றோர்க்குப் பாஸ் உண்டு, ஏனையோர் அதையும் கணக்கில் சேர்க்க.) இத்தகைய கூடங்களில் புதியவருக்குப் பெரும்பாலும் ஒவ்வொரு நிமிடமாக இரு முறை மிதக்கக் கொடுப்பர், அதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஒரு நிமிடந்தானா என்று முகம் சுளிக்க வேண்டாம். விமானத்திலிருந்து 13,000 அடியில் குதிப்பவர் பாராசூட் விரிக்குமுன் விழும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவே.

ஆனால் பொழுதுபோக்காக ஏற்றுப் பயில்வது வேறு. முதலில் குப்புறக் கிடத்தல், பின்பு மல்லாத்தல், அப்பால் அமர்ந்த நிலை, இறுதியில் தலைகீழ் நிலை என்று படிப்படியாகச் செல்லும் கலை இது. கையை நான்கு விரற்கடை மடக்கினாலும் உடல் திரும்பிவிடும். இதற்கு நிமிடங்கள் போதா, மணிக்கணக்கு வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணிக்கு 90,000 ரூபாய்! மொத்தமாக வாங்குவோர்க்குச் சலுகை உண்டென்றாலும், மாதச் சம்பளக் குடும்பம் தாங்கும் தொகையன்று. சிங்கப்பூரின் கைரா போ என்னும் பெண், 2017இல் ஸ்பெயினில் நடந்த காற்று விளையாட்டுப் போட்டியில் பதினான்கு பதினைந்து வயதிலேயே இரு தங்கப் பதக்கம் வென்றாள். 2011இல் செந்தோசாத் தீவில் 56 அடி உயரக் கூண்டு திறந்த காலந்தொட்டு அவள் பயின்றவள் என்பதை மறக்கலாகாது. வீட்டருகே கூடமும் ஆதரிப்போரும் அமைந்தவர்க்கே அது வாய்க்கும். ஆகவே சிங்கப்பூர், துபாய், அபுதாபி ஆகிய இடங்களில் வாழும் நம்மவர் பிள்ளைகள் விரும்பினால் பயிலட்டும். திருவனந்தபுரத்தில் இருப்போர் ஒருமுறை அனுபவித்து வருவதே தக்கது.

என் மருமகளிடம் இதையே சொன்னேன். அவள் முகம் வாடியது உண்மை. ஆனால் உடலைச் சமன்படுத்தும் கலையை இப்போதே வளர்த்துக்கொள்ள வெள்ளயம்பலம் ஜிம்மி ஜார்ஜ் விளையாட்டரங்கின் நீச்சல் குளம் இருக்கிறது. நீரில் மல்லாந்து மிதக்கத் தெரிந்தவர்க்குக் காற்றில் அஞ்சித் திமிறும் பழக்கம் குறைவாக இருக்கும். அவள் இப்போது ஞாயிறுதோறும் குளத்துக்குச் செல்கிறாள். பள்ளி விடுமுறையில் ஐதராபாத் செல்வதாக ஏற்பாடு, அத்தானும் இசைந்துவிட்டார்.

செல்ல எண்ணும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். முன்பதிவு செய்யும்போதே வயது, எடை வரம்புகளைக் கேட்டறிக. இடத்துக்கு இடம் அவை மாறும். சேலையும் வேட்டியும் உதவா. காற்சட்டையும் கயிறு கட்டிய காலணியும் வேண்டும். மேலே அணியும் உடை, தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் ஆகியவற்றை அவர்களே தருவர். மோதிரம், வளையல், சங்கிலி, தொங்கட்டான் யாவையும் கழற்றிவிட வேண்டும். தாலியைக் கழற்ற மனமில்லாத சகோதரிகள் அதுபற்றி முன்கூட்டியே பேசித் தெளிவு பெறுவது நன்று. கூந்தலைப் பின்னி உடைக்குள் செருகிக்கொள்க. உள்ளே இரைச்சலில் பேச்சுக் கேளாது. பயிற்றுநர் கைச்சாடையே காட்டுவார். இரு விரல் நீட்டினால் காலை நீட்டுக, இரு விரல் மடக்கினால் காலை மடக்குக. மோவாயை எப்போதும் உயர்த்தியே வைத்திருங்கள். கீழே குனிந்து பார்த்தால் உடல் சரிந்து முன்னே செல்லும்.