ஹதீஸில் வரும் ‘ழப்பு’ நமது உடும்புதானா?

“உடும்பு சாப்பிடலாமா?” என்று கேட்டால் எங்கட ஊர்களில் இரண்டு பதில்கள் கிடைக்கும். “சீ, அது ஹறாம்” என்பது ஒன்று. “நபியவர்களுக்கு முன்னாலேயே ஸஹாபாக்கள் சாப்பிட்டிருக்காங்க, ஹலால்தான்” என்பது மற்றது. இரண்டாவது பதிலைச் சொல்பவர் ஹதீஸ் தமிழாக்கம் ஒன்றையும் எடுத்துக் காட்டுவார். அதில் ‘உடும்பு’ என்றே அச்சாகியிருக்கும். சிக்கல் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

முதலில் சம்பவத்தைப் பார்ப்போம். அன்னை மைமூனா (றழி) அவர்களின் வீட்டில் சுட்ட இறைச்சி உணவாக வைக்கப்படுகிறது. நஜ்திலிருந்து அவர்களுடைய சகோதரி கொண்டுவந்தது அது. நபி (ஸல்) அவர்கள் கையை நீட்டும்போது, அது இன்ன பிராணி என்று வீட்டுப் பெண்கள் தெரிவிக்கிறார்கள். நபியவர்கள் கையை எடுத்துக்கொள்கிறார்கள். மைமூனா நாயகி காலித் இப்னு வலீத் (றழி) அவர்களுக்குத் தாயின் சகோதரி. அவரும் அங்கே இருக்கிறார். இது ஹறாமா என்று அவர் கேட்கிறார். ஹறாம் இல்லை, தம் சமூகத்தாரின் பூமியில் இது இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதில் வருகிறது. காலித் அதைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிடுகிறார், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது.

இதை வைத்தே ஷாபிஈ, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகள் அந்தப் பிராணியை ஹலால் என்கின்றன. ஹனபி மத்ஹபில் அது மக்ரூஹ். அதைத் தடுக்கும் கருத்தில் அபூதாவூதில் ஓர் அறிவிப்பும் உண்டு. அதன் தரம் பற்றி அறிஞர்களிடையே பேச்சு இருக்கிறது.

இவ்வளவு பேரும் பேசுவது எந்தப் பிராணியைப் பற்றி? அறபு மூலத்தில் உள்ள சொல் ‘ழப்பு’. ரமழான் என்று எழுதும்போது நாம் ‘ழ’ போடுகிறோமே, அதே அறபு எழுத்து. இந்த ழப்பு பாலைவனத்தில் குழி தோண்டி வாழ்வது. உடல் தடித்தது. வால் குட்டை, அதில் வளையம் வளையமாக முட்கள். அதன் பிரதான உணவு இலை, புல், பூ, விதை. இலங்கையில் இந்த இனம் கிடையாது. இந்தியாவிலும் இதன் உறவினம் ஒன்று தார்ப் பாலைவனம், கச்சு போன்ற வரண்ட மேற்குப் பகுதிகளில்தான் உண்டு. குடும்ப வகையில் பார்த்தால் ழப்புக்குச் சொந்தம் நமது ஓணான்தான், உடும்பு அல்ல. அதுக்காக நாளைக்கே ஓணான் பிடிக்கக் கிளம்பிடாதீங்க!

நமது உடும்பு வேறு. நீண்ட கழுத்து, பாம்பைப் போல் பிளந்த நாக்கு, முள்ளில்லாத நீண்ட வால். பூச்சி, தவளை, முட்டை, எலி, சிறு பாம்பு எல்லாம் தின்னும், செத்ததையும் விடாது. கபரகொய்யாவும் இதே இனந்தான்.

அறபிகளுக்கு உடும்பு இனம் தெரியாமல் இருந்ததா? நன்றாகவே தெரிந்திருந்தது. பாலைவன உடும்பை அவர்கள் ‘வரல்’ என்றார்கள். 9ஆம் நூற்றாண்டின் ஜாஹிழ் பிராணிகள் பற்றிய தன் பெருநூலில் ழப்பையும் வரலையும் வெவ்வேறாகவே பேசுகிறார். 1405இல் காலமான தமீரீ, ‘ஹயாத்துல் ஹயவான்’ நூலில் இரண்டுக்கும் தனித்தனித் தலைப்புக் கொடுத்திருக்கிறார். ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த அறிஞர் அவர். இன்றைய விஞ்ஞானத்தில் உடும்பினத்துக்கு ‘வரானஸ்’ என்று பெயர். அந்தப் பெயரே ‘வரல்’ என்ற அறபுச் சொல்லிலிருந்து போனதுதான்.

மொழிபெயர்த்தவர்களைக் குறைசொல்ல முடியாது. நம் மண்ணில் இல்லாத பிராணிக்குத் தமிழில் எப்படிப் பெயர் இருக்கும்? பொந்தில் வாழும் பெரிய பல்லியினம் என்றதும் உடும்பு நினைவுக்கு வந்திருக்கிறது. உருது மொழிபெயர்ப்புகளிலும் இதே குழப்பம் உண்டு. முன்சென்ற சமூகத்தார் ழப்பின் பொந்துக்குள் நுழைந்தால் நீங்களும் நுழைவீர்கள் என்ற கருத்திலான ஹதீஸில் ‘உடும்புப் பொந்து’ என்று போட்டாலும் நட்டமில்லை. அங்கே கருத்து கண்மூடிப் பின்பற்றுவதைப் பற்றியது. ஆனால் ஹலால், ஹறாம் விடயத்தில் பிராணி மாறினால் சட்டமும் மாறிவிடும்.

எப்படி மாறும்? நிலத்தில் ஊர்ந்து திரியும் சிறு பிராணிகளை ஷாபிஈ மத்ஹப் பொதுவாக விலக்குகிறது. ழப்புக்கு ஹதீஸ் இருப்பதால் அது விதிவிலக்கு. உடும்பு ழப்பு இல்லையென்றால் அந்த விதிவிலக்கை உடும்புக்குக் கொடுக்க முடியாது. மாலிகி மத்ஹபில் இவ்வகைப் பிராணிகள் விடயத்தில் தளர்வு உண்டு. ஆகவே உடும்பைப் பற்றிப் பேசுபவர் அதற்குரிய ஆதாரத்தோடு பேச வேண்டும். காலித் (றழி) சாப்பிட்டதைக் காட்டி வாதத்தை முடிக்க முடியாது. பத்வா சொல்வது உலமாக்களின் பொறுப்பு. சொல் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்று காட்டுவது தமிழ் படிப்பிக்கிறவனின் பொறுப்பு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நமது நாட்டில் உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் கொல்வதைக் குற்றமாக்குகிறது. சர்வதேச வணிகத்திலும் அதற்கு முழுத் தடை. மருந்துக்கு நல்லது என்று சொல்லி நாயை விட்டுப் பிடிப்பவர்கள், அறுப்பு முறை ஒருபக்கம் இருக்க, இதையும் யோசிக்க வேண்டும்.

“சீ” என்று முகம் சுளிப்பவருக்கும் இந்த ஹதீஸில் பாடம் இருக்கிறது. நபியவர்கள் தமக்குப் பிடிக்காததை ஹறாமாக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் சாப்பிடுவதைத் தடுக்கவுமில்லை. நமக்கு அருவருப்பு என்பது ஒரு சட்டமாகாது. அதேபோல, தமிழில் பெயர் ஒன்றாகிவிட்டது என்பதற்காக ஒரு பிராணி ஹலாலாகவும் மாட்டாது. இனி வரும் தமிழாக்கங்களில் ‘ழப்பு’ என்றே எழுதி, ‘புல் தின்னும் முள்வால் பாலைவனப் பிராணி’ என்று பக்கத்தில் ஒரு விளக்கம் போட்டால் போதும். எங்கட புள்ளைகளாவது குழம்பாமல் படிப்பார்கள்.